சப்ஹாவின் தடத்துக்குப் பக்கத்தில்

நுவைபா
மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள அத்வா அண்ணனுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் தம்பி சுவைலிமின் ஸலாம். இங்கே நான், சப்ஹா, மகள் ரீமா, பதினொரு ஆடுகள், கிழட்டு ஒட்டகம் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை மழை பெய்தது. மேட்டுப் பக்கம் புல் தலைகாட்டியிருக்கிறது. ரீமாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள், ஆனால் சிரிப்பதை நிறுத்துவதில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நம் வீடு தகரக் கூரை. நான் போனில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சப்ஹாவுக்குக் காகிதத்தில் எழுதியதைப் படிக்கத் தெரியாது. அதனால் இதுதான் பத்திரம். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் நம் அத்தை மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அக்கரையில் நீங்கள் இருக்கும் நாட்டின் மலைகள் தினமும் கண்ணுக்குத் தெரிகின்றன, உங்களைப் பார்த்துத்தான் இரண்டு வருடம் ஆகிறது.

நீங்கள் அனுப்பிய செருப்பு வந்து சேர்ந்தது. இப்போது ஊரில் பாதிப் பேர் காலில் இதே செருப்புதான். கடைக்காரன் ஒரு லாரி நிறைய இறக்கிவிட்டான். ஆனாலும் அண்ணன் அனுப்பியது என்பதால் நான் வேறு எதையும் போடுவதில்லை. கால் முழுக்கச் சரியாகிவிட்டது. மாவுக்கட்டு பிரித்து ஏழு வாரம் ஆகிறது. முன்பு எப்படி நடந்தேனோ அப்படியே நடக்கிறேன். அண்ணியிடமும் சொல்லுங்கள், கவலைப்படவேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வண்ணப் பள்ளத்தாக்கில் பெரிய இறக்கம் இருக்கிறதே, எல்லோரும் உட்கார்ந்து சறுக்கி இறங்கும் இடம், அங்கே நான் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். உங்களிடம் கால் வழுக்கியது என்று சொன்னேன். வழுக்கவில்லை. ஒரு ஜெர்மன்காரி போட்டோ எடுக்கிறாள் என்று நின்றபடியே குதித்தேன். இருபது வருடமாகக் குதித்த இடம்தான், அன்றைக்குப் பார்த்துக் கால் மடங்கிவிட்டது.

மறுநாள் காலை எட்டு இத்தாலியப் பெண்கள் என்னோடு பள்ளத்தாக்கு பார்க்க வருவதாக ஏற்பாடு. டிரைவர் ஹுமைத் ஜீப்போடு வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறான். நான் மரக்கட்டை மாதிரிக் கிடக்கிறேன். சப்ஹா பிசைந்துகொண்டிருந்த மாவை ரீமாவிடம் தள்ளிவிட்டு, முகத்திரையைக் கட்டிக்கொண்டு, "ஒரு நாள்தானே, நான் கூட்டிட்டுப் போறேன். ஏழு வயசுலேர்ந்து ஆடு மேய்ச்ச இடம்" என்றாள். நானும் சரி என்றேன். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை அண்ணா. நாலு மாதம் ஆகிறது.

முதலில் பெண்கள் கூட்டம் மட்டும். இப்போது புருஷன்மாரும் கூட வருகிறார்கள். கடற்கரையில் குடில்கள் வைத்து வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைப்பவர் போன வாரம் என்னிடம், "எல்லாரும் 'சப்ஹா வருவாங்களா'ன்னுதான் கேக்குறாங்க சுவைலிம். நீ வர்றியான்னு ஒருத்தர்கூடக் கேக்கலையேப்பா!" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அவரிடம் வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போகும் நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. ஆங்கிலம் படித்தவர் ஒருவரைப் படிக்கச் சொன்னேன். நாலு மாதத்தில் சப்ஹாவின் பெயர் முப்பது இடத்தில் இருக்கிறது. இருபது வருடத்தில் என் பெயர் மூன்று இடத்தில். அதில் ஒன்று நானே எழுதச் சொன்னது.

ஒட்டக வாய்ப் பாறை அருகில் நான் சொல்லும் நகைச்சுவை உங்களுக்கு நினைவிருக்கும். இந்த ஒட்டகம் ஒரு பயணியின் பாஸ்போர்ட்டைத் தின்றுவிட்டது, அதனால்தான் எல்லையைத் தாண்ட முடியாமல் கல்லாய் நிற்கிறது என்பேன். அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்! நான் சொன்னால் மரியாதைக்குச் சிரிப்பார்கள். அவள் பாதி ஆங்கிலம் பாதிக் கையாட்டலில் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்களாம். காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கூட்டிக்கொண்டு போனான் என்பார்கள். என் கதையில் பெண்டாட்டியே என் பள்ளத்தாக்கைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பொறாமையா என்றால் பொறாமைதான். கூடப்பிறந்தவரிடம் மறைத்து என்ன? வயிறு எரிகிறது. எப்போது நான் திரும்பப் போவது என்று கேட்டால், "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும் ரீமா வாப்பா. இப்ப என்ன அவசரம்?" என்கிறாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. ருசி கண்ட பூனை வேறு எப்படிப் பேசும்?

இன்னொரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. காலையில் நான் எழுமுன்பும், மாலையில் ஆட்டை அடைத்த பின்பும், புதர்க் கொப்பு ஒன்றை எடுத்து வாசல் மணலைப் பெருக்குகிறாள். யாராவது மணலைப் பெருக்குவார்களா? வெளிநாட்டுக்காரர்களோடு பழகிச் சுத்தம் தலைக்கேறிவிட்டது. எனக்குத் தேநீர் வருவதற்குத்தான் தாமதமாகிறது.

ஹுமைத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு முன்னால் அவன் வீட்டில்தான் சப்ஹாவைப் பெண் கேட்டார்கள். சிறுவயதில் ஒட்டகம் கடித்து வலது கால் நொண்டியான பையன் என்று அவள் வாப்பா மறுத்துவிட்டார். பழைய கதை. அவனுக்கும் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். ஆனால் தினமும் அவள் ஏறிப் போவது அவன் ஜீப்பில்தானே?

நாளை பத்துப் பேரைக் கூட்டிப் போகிறாள். யாரிடமும் சொல்லாமல் நானும் போய், அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்த்துவிட்டு வரப்போகிறேன். உங்கள் தொழுகையில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள். காலுக்காக வேண்டாம், கால்தான் சரியாகிவிட்டதே.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
சுவைலிம்


நுவைபா
மார்ச் 12, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். அண்ணியிடமும் காட்டவேண்டாம்.

சொன்னபடி போன வாரம் திங்கள் போனேன். தண்ணீர் லாரிக்காரன் மேட்டில் இறக்கிவிட்டான். ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன். சொந்தப் பெண்டாட்டியைத் திருடன் மாதிரி ஒளிந்து பார்க்கும் நிலைமை எனக்கு வந்தது.

ஹுமைத்தின் ஜீப் வந்தது. பத்துப் பேரும் இறங்கினார்கள். அவள் முன்னால் போனாள், நான் போவது போல வேகமாக அல்ல, நிதானமாக. எல்லோரையும் குனியவைத்து மஞ்சள் மண்ணையும் சிவப்பு மண்ணையும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கவைத்தாள். நான் அதைச் செய்ததில்லை, எனக்குத் தோன்றியதில்லை. பருமனான ஓர் அம்மாள் இடுக்குக்குள் நுழையப் பயந்து நின்றாள். சப்ஹா தன் சால்வையின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, கன்றுக்குட்டியை நடத்துவது போல நடத்திப் போனாள். பிறகு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் சுவரில் பட்டுப் பட்டு மேலே வந்தது. அவளும் சிரித்தாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பாறையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஹுமைத் ஜீப் நிழலில் படுத்திருந்தான். படுத்திருந்ததாகத்தான் அப்போது நினைத்தேன்.

எல்லோரும் திரும்பி வந்து ஜீப் ஏறிப் போன பிறகு நான் கீழே இறங்கினேன். சப்ஹாவின் தடம் ஆயிரம் தடத்தில் எனக்குத் தெரியும், வலது கட்டைவிரல் கொஞ்சம் ஆழமாக விழும். அவள் கூட்டத்தோடு நடுவில் நடப்பதில்லை, சுவர் ஓரமாகத் தனியே நடக்கிறாள். அதனால் படிக்கச் சுலபம். அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தேன். அவள் நின்ற இடத்தில் நின்றேன். இங்கே தண்ணீர் கொடுத்திருக்கிறாள், இங்கே திரும்பி ஒட்டகக் கதை சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் எந்த ஆணின் தடமும் இல்லை. மனது கொஞ்சம் ஆறியது. பெரிய இறக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். பொழுது சாய்ந்ததால்தான் இறங்கவில்லை, கால் முடியாமல் அல்ல.

அதோடு விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்த வாரம் காற்று என்று வேறு கூட்டம் எதுவும் போகவில்லை. வியாழனன்று சப்ஹா ஆடுகளை மேய்க்க அந்தப் பக்கம் போனாள். இரவுச் சோற்றில் என் பக்கம் இறைச்சியை அதிகமாகத் தள்ளினாள். கேட்காமல் இறைச்சி வைக்கும் பெண்டாட்டியைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரும். சனிக்கிழமை மறுபடியும் போனேன்.

அண்ணா, ஜீப்புகள் நிற்கும் இடத்திலிருந்து வேலமரம் வரைக்கும் மணல் துடைத்திருந்தது. கொப்பால் துடைத்த கோடு அப்படியே தெரிந்தது. துடைத்துக்கொண்டே பின்னால் நடந்த கால் சப்ஹாவுடையது. வேலமரத்துக்கு அப்பால், டிரைவர்கள் யாரும் எட்டிப்பார்க்காத உள்பக்கத்தில், துடைக்கவில்லை. அங்கே, திங்கட்கிழமைத் தடத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆணின் தடம்!

அவளுடைய தடம் எவ்வளவு பழசோ அதுவும் அவ்வளவு பழசு. ஓரம் உதிர்ந்தது ஒரே மாதிரி. ஒரே நாள். அவள் நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவனும் நின்றிருக்கிறான். வலது காலை இழுத்து, விரல்களை வெளியே திருப்பி, குட்டைக் குட்டையாக எட்டு வைத்து, பாரம் முழுவதும் இடது காலில் போட்டு நடந்திருக்கிறான். ஒரு நொண்டி. பெரிய இறக்கம் வரைக்கும் வந்து, வெகுநேரம் நின்று, இறங்கப் பயந்து திரும்பியிருக்கிறான், கோழை. செருப்பு அந்தக் கடைச் செருப்பு. என் காலில் இருப்பதும் அதே ரகம் என்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செருப்பு பொய் சொல்லும், நடை பொய் சொல்லாது என்று நம் வாப்பா சொல்வாரே. என் தடத்தையும் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. காற்றில் போயிருக்க வேண்டும், அல்லது அதையும் அவளே துடைத்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் வலது காலை இழுப்பவன் ஹுமைத் ஒருத்தன்தான். அவன் நடையில் குதிகால் வெளியே போகும், இதில் விரல் வெளியே போகிறது. அது எனக்கும் தெரிகிறது. ஆனால் வயது ஏற ஏற நடை மாறாதா? மாறும். அன்றைக்கு என்னைக் கண்டுவிட்டு, கூட்டத்தை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, நான் போன பின் உள்ளே போயிருக்கிறான். அவள் எங்கெங்கே நின்றாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவளே சொல்லியிருந்தால்தானே?

ஞாயிறு மாலை டிரைவர்கள் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஹுமைத் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினான். எனக்கும் வைத்தான். நான் தொடவில்லை. ஆறி, மேலே ஆடை படியும் வரை தொடவில்லை. ஊற்றிய கோப்பையைக் குடிக்காமல் வைத்தால் வழக்கு இருக்கிறது என்று அர்த்தம், பத்துப் பேர் பார்க்க வைத்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டும், உங்களுக்குத் தெரியாததா? எல்லோரும் என் கோப்பையைப் பார்த்தார்கள். ஹுமைத், "குடி சுவைலிம். என்ன வேணும்னாலும் கேளு, தர்றேன். முதல்ல குடி" என்றான். நான், "இங்க சொல்ற விஷயம் இல்ல. பெரியவங்க முன்னாடி சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

பெரியவர் ஊரில் இல்லை. 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பஞ்சாயத்து. வாயைத் திறந்து ஹுமைத் பெயரோடு சப்ஹா பெயரைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் கொட்டியதை அள்ள முடியாது. அவள் அன்றே தன் வாப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். ரீமா எங்கே இருப்பாள்? அவன் ஆட்களும் நம் ஆட்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. சொல்லாமல் விட்டால் கோப்பையை ஏன் வைத்தாய் என்று ஊரே என் முகத்தில் துப்பும். நேற்று அவள் சாம்பலில் ரொட்டி சுட்டு, தட்டித் தட்டி என் பக்கம் வைத்தாள். அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

எனக்கு மூத்தவர் நீங்கள் ஒருவர்தான். வியாழனுக்குள் எப்படியாவது வந்துவிடுங்கள் அண்ணா. பக்கத்தில் ஆள் இல்லாமல் என்னால் அதைச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
சுவைலிம்


நுவைபா
மார்ச் 23, சனி

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

ஸலாம். லீவு சொல்லி, தபூக்கிலிருந்து அகபா துறைமுகம் வரை வந்துவிட்டவரை, "வராதீங்க, அப்புறம் எழுதறேன்" என்று போனில் ஒரே வரியில் திருப்பி அனுப்பினேன். நீங்கள் திட்டிய திட்டு அத்தனையும் எனக்கு வேண்டியதுதான். சப்ஹா பக்கத்தில் நின்றதால் காரணம் சொல்ல முடியவில்லை. இதோ காரணம்.

வியாழன் காலை அவளே கேட்டுவிட்டாள். "ஊரெல்லாம் பேசுது. ஹுமைத் பொண்டாட்டி என்கிட்ட வந்து அழறா. எதுக்கு அவன் டீயைக் குடிக்காம வெச்சீங்க?" நான், "பள்ளத்தாக்குக்கு வா, காட்டுறேன்" என்றேன். அவள் ஒட்டகத்தைப் படுக்கவைத்து என்னை ஏறச் சொன்னாள். அவள் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். வழி முழுக்க நான் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, அவள் மறுத்தால் என்ன சொல்வது, எல்லாம்.

வேலமரத்துக்கு அப்பால் கூட்டிப் போய்க் காட்டினேன். பன்னிரண்டு நாளில் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. "இது உன் கால். இது யாரு? எந்த நொண்டிப் பய உன் பக்கத்துலயே நடந்திருக்கான், சொல்லு!" என்று கத்தினேன். இடுக்கு முழுக்க என் குரல் திரும்பி வந்தது.

அவள் தடத்தைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தாள். முகத்திரைக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை. பிறகு மெதுவாக, "அதுக்குப் பக்கத்துல நடங்க" என்றாள்.

"நான் எதுக்கு நடக்கணும்?"

"நடங்க ரீமா வாப்பா. ஒரு பத்தடி. எனக்காக."

நடந்தேன். வீம்பாகத்தான் நடந்தேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பத்தடி போனதும், "இப்பத் திரும்பிப் பாருங்க" என்றாள்.

அண்ணா, இரண்டு தடமும் ஒன்று. இழுத்த கால் ஒன்று, திரும்பிய விரல் ஒன்று, எட்டின் நீளம் ஒன்று. பழசு, புதுசு என்பது மட்டுந்தான் வித்தியாசம். நாற்பத்திரண்டு வயது வரை ஊரில் யார் ஒட்டகம் தொலைந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மூன்று நாள் பழைய தடத்தைப் பார்த்துச் சுமை ஏற்றிய ஒட்டகமா, சும்மா போன ஒட்டகமா என்று சொன்னவன் நான். எனக்கு என் கால் தெரியவில்லை. நொண்டி, கோழை என்று உங்களுக்கு எழுதினேனே, அது நான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பெண்டாட்டி முன்னால் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. உங்களுக்கு உங்க காலே தெரியலையே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு.

அப்படியானால் ஏன் துடைத்தாய் என்று கேட்டேன். "ஜீப் நிக்கிற இடத்துல டிரைவருங்க நாள் முழுக்க உக்காந்திருக்கானுங்க. அவனுங்களுக்குத் தடம் படிக்கத் தெரியாதா? 'சுவைலிம் பொண்டாட்டி பின்னாலயே மோப்பம் புடிச்சிக்கிட்டுப் போறான்'னு சாயங்காலம் ஊரே சிரிக்கும். மேய்க்கப் போனப்ப பார்த்தேன், அதான் மரம் வரைக்கும் துடைச்சேன்" என்றாள். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "என்னன்னு கேக்குறது? 'ஏன் என்னை வேவு பாத்தீங்க'ன்னா? நீங்க அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தீங்க. எவ்வளவு வலிச்சிருக்கும்னுதான் நெனச்சேன்" என்றாள். அன்று இரவு இறைச்சியை ஏன் என் பக்கம் தள்ளினாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பிறகு நானாகவே கேட்டேன், அப்படியானால் வீட்டு வாசலைத் தினமும் இரண்டு வேளை பெருக்குவது என்று. அவள் சால்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மறுபடி கேட்டேன். "நீங்க நொண்டறது ஊருக்குத் தெரியும். பாக்குறவங்களுக்குக் கண்ணு இல்லையா? உங்களுக்குத்தான் தெரியலை. தடத்தைப் பார்த்தா தெரிஞ்சிரும். எலும்பு குட்டையாக் கூடிருச்சுன்னு டாக்டர் என்கிட்டதான் சொன்னார், கட்டு பிரிச்ச அன்னிக்கே. கொஞ்ச நாள் போகட்டும், மனசு தேறினதும் சொல்லிக்கலாம்னு..." என்று இழுத்தாள். ஒன்பது வாரமாக, காலையும் மாலையும், என் காலை என் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறாள். நான் தேநீர் தாமதமாகிறது என்று உங்களுக்குப் புகார் எழுதினேன்.

அங்கேயிருந்துதான் உங்களுக்குப் போன் செய்தேன், மேட்டில் ஏறி, சிக்னல் தேடி.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கோப்பையை வைத்தது வைத்ததுதானே. பள்ளிவாசலுக்கு வெளியே எல்லோரும் கூடியிருந்தார்கள். ஹுமைத் வெள்ளை உடையில் வந்தான், முகமும் வெள்ளையாக இருந்தது. அவன் அண்ணன்மார் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். பெரியவர், "கோப்பையை வெச்சவன் நீ, சுவைலிம். என்ன வழக்கு? சொல்லு" என்றார்.

உண்மையைச் சொன்னால் சப்ஹாவைச் சந்தேகித்ததைச் சொல்லவேண்டும். அவள் பெயர் அந்தக் கூட்டத்தில் என் வாயிலிருந்து வரக்கூடாது. எழுந்து நின்று, "டீயில சர்க்கரை குறைச்சலா இருந்துச்சு" என்றேன்.

பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு, "நீதான் குடிக்கவே இல்லையே. குறைச்சல்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சேன்" என்றேன். "தடத்தைப் பார்த்து ஒட்டகத்தைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இது பெரிசா?"

முதலில் சிரித்தது ஹுமைத்தின் அண்ணன். பிறகு எல்லோரும். சிலர் எழுந்து நின்று சிரித்தார்கள். ஹுமைத் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரியவர் மட்டும் என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. "மத்தவன் டீயைப் பழிச்சதுக்கு ஒரு ஆடு. அதை இன்னிக்கே அறுத்து எல்லாரும் சாப்பிடுவோம். நல்ல டீ எதுன்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்னா, இனிமே பள்ளத்தாக்குல வேலமரத்தடியில டீ போடுறது உன் பொறுப்பு" என்று தீர்ப்பு சொன்னார். பழுப்பு ஆடு போயிற்று. இப்போது பத்துதான் இருக்கின்றன. ஹுமைத் வெளியே வந்து என் தோளில் கை போட்டு, "எவ்வளவு சர்க்கரை வேணும்னு அன்னிக்கே சொல்லிருக்கலாமேடா" என்றான். நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்து போனதைப் பார்த்தவர்கள் இன்னொரு தடவை சிரித்திருப்பார்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று காலை ஒன்பது பேர் வந்தார்கள். வேலமரத்தடியில் தீ மூட்டித் தேநீர் போட்டேன். சப்ஹா ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "கொஞ்சம் சர்க்கரை குறைச்சல்" என்றாள். பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒட்டகக் கதையும் சிரிப்பும் கேட்டது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அது என் கதை அண்ணா, நான்தான் கண்டுபிடித்தேன். அடுத்த முறை அவள் உள்ளே போய்ச் சொல்லுமுன் நான் இங்கேயே தேநீரோடு சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசலை இனித் துடைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று காலை எழுந்தபோது வீட்டிலிருந்து அடுப்பு வரைக்கும் என் தடம் கிடந்தது. ரீமா அதில் கால் வைத்து வைத்து, என்னைப் போலவே காலை இழுத்து நடந்து காட்டினாள். சப்ஹா கொப்பை ஓங்கிக்கொண்டு ஓடினாள். நான்தான் தடுத்தேன்.

என்னுடைய இரண்டாவது கடிதத்தைத் தயவுசெய்து எரித்துவிடுங்கள். முதல் கடிதத்தையும் எரித்தால் நல்லது.

கடைசியாக ஒரு உதவி. தபூக்கில் செருப்பு தைப்பவர்கள் இருப்பார்கள். இன்னொரு ஜோடி அனுப்புங்கள், வலது செருப்பின் அடி மட்டும் உயரம் கூட்டி. எவ்வளவு என்பதற்கு இதோடு ஒரு நூல் வைத்திருக்கிறேன். நூலின் நீளம் பாதத்துக்கு, முதல் முடிச்சு வரை உயரத்துக்கு, அது டாக்டர் சொன்ன அளவு. அளந்து முடிச்சுப் போட்டது சப்ஹா. காலை நீட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வாசலில் கிடந்த என் தடத்தில் குனிந்து அளந்தாள். அளவு தவறாது அண்ணா, அந்தத் தடத்தை அவள் ஒன்பது வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல உடம்பையும், பக்கத்தில் நடக்க நல்ல மனிதர்களையும் தரட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் தம்பி
சுவைலிம்